நாயின் தோல் நோய்க்கு வாய்வழி மருந்து ஏன்?

"சொறிநாய்" என்பது நம் தமிழில் ஒரு வசைச்சொல். கோபம் வந்தால் மனிதரைக்கூட அவ்வாறு ஏசுகிறோம். தெருவில் மயிர் உதிர்ந்து, தோல் தடித்துக் கிடக்கும் நாயொன்று வாலை ஆட்டிக்கொண்டு அருகில் வந்தால், "சீ, போ!" என்று விரட்டுகிறோம், கல்லையும் எடுக்கிறோம். வீட்டில் செல்லமாக வளர்ந்த நாய்க்கே இந்நிலை வந்துவிட்டால், அதுவரை அடுப்படி வரை வந்துபோன பிராணி கொல்லைப்புறத்தில் கட்டப்படுகிறது. சில வீடுகளில் அதைக் கோணிச்சாக்கில் போட்டுத் தொலைவில் விட்டுவிட்டும் வந்துவிடுகிறார்கள்.

ஆனால் தோழியரே, "சொறி" என்று நாம் ஒரே பெயரிட்டு அழைப்பது உண்மையில் ஒரே நோயன்று. கண்ணுக்குத் தெரியாத சிற்றுண்ணிகள் தோலைத் துளைப்பதால் வருவது ஒன்று. தெள்ளுப்பூச்சிக் கடி ஒவ்வாமல் வருவது ஒன்று. பாக்டீரியாவால் வரும் சீழ்ப்புண் ஒன்று. பூஞ்சையால் வருவது மற்றொன்று. நான்கிற்கும் மருந்து வெவ்வேறு. ஒன்றின் மருந்து மற்றொன்றைத் தீர்க்காது. இவற்றுள் பூஞ்சையால் வரும் நோயைப் பற்றியும், அதற்கு நாய்க்குக் கொடுக்கப்படும் மாத்திரைகளைப் பற்றியும் இக்கட்டுரையில் காண்போம். தோலின் மேல் இருக்கும் நோய்க்கு வயிற்றுக்குள் ஏன் மருந்து போக வேண்டும் என்ற கேள்விதான் எங்களை இதைப் படிக்கத் தூண்டியது. அதற்கு விடை தேடப் போய், வேறு பல வியப்பான செய்திகளும் கிடைத்தன.

முதலில் பெயரைப் பார்ப்போம். இந்நோயைப் படர்தாமரை என்கிறோம். சில ஊர்களில் வண்டுகடி என்றும் சொல்வதுண்டு. ஆங்கிலேயர் வைத்த பெயருக்கு "வளையப் புழு" என்று பொருள். உண்மையில் இங்கே தாமரையும் இல்லை, வண்டும் இல்லை, புழுவும் இல்லை! இருப்பது பூஞ்சை. மழைக்காலத்தில் ஊறுகாய் ஜாடியின் வாயிலும், பழைய ரொட்டியிலும், பெட்டியில் வைத்த தோல் செருப்பிலும் பூக்கிறதே, அந்தக் குலத்தைச் சேர்ந்ததுதான். அது தோலில் ஓரிடத்தில் இறங்கி, நடுவிலிருந்து நாலாபுறமும் சமமாகப் பரவுகிறது. நடுவில் ஆறிக்கொண்டும் விளிம்பில் சிவந்துகொண்டும் போவதால் வளையம் போலத் தோன்றுகிறது.

நாய்களைப் பிடிக்கும் படர்தாமரைப் பூஞ்சைகளில் மூன்று முக்கியமானவை. ஒன்றின் பெயர் மைக்ரோஸ்போரம் கானிஸ். கானிஸ் என்றால் இலத்தீன் மொழியில் நாய் என்று பொருள். ஆயினும் இந்தப் பூஞ்சையின் உண்மையான இருப்பிடம் பூனைதான்! பூனையிடமிருந்து நாய்க்கும், இரண்டினிடமிருந்தும் நமக்கும் தொற்றுகிறது. பெயர் மட்டும் நாயின் தலையில் விழுந்துவிட்டது. இரண்டாவது மண்ணில் வாழ்வது. மூக்காலும் முன்னங்காலாலும் மண்ணைக் கிளறும் நாய்க்கு அங்கேயே அது ஒட்டுகிறது. மூன்றாவது எலி முதலிய கொறிக்கும் பிராணிகளிடமிருந்து வருவது. மூன்றுக்கும் உணவு கெரட்டின் என்னும் பொருள். நமது மயிர், நகம், தோலின் மேற்புறம் எல்லாம் இக்கெரட்டினால் ஆனவையே.

நாயின் உடம்பில் இது முகம், காது, பாதம் ஆகிய இடங்களில் பெரும்பாலும் முதலில் தெரியும். மயிர் வேரோடு விழாமல் ஒடிந்து விழுகிறது. காசளவு வட்டமாகத் தோல் வெளியே தெரிகிறது. தவிட்டுத் தூள் போலச் செதில் உதிர்கிறது. குட்டிகளையும் கிழ நாய்களையும் மெலிந்த நாய்களையுமே இது எளிதில் பற்றும். நல்ல உடல்நிலையிலுள்ள வளர்ந்த நாய்க்குச் சில மாதங்களில் தானாகவே ஆறிவிடுவதும் உண்டு. அப்படியானால் மருந்து எதற்கு என்று கேட்கலாம். அந்தச் சில மாதங்களுக்குள் வீட்டிலுள்ள குழந்தைகளுக்கும் தாத்தா பாட்டிக்கும் அது பரவிவிடும் என்பதே காரணம்.

படர்தாமரை தவிர, மலசீசியா என்ற ஈஸ்ட் வகைப் பூஞ்சையும் நாய்களுக்குத் தொல்லை தருகிறது. இது எல்லா நாய்களின் தோலிலும் கொஞ்சம் இருப்பதுதான். ஒவ்வாமையாலோ வேறு நோயாலோ தோல் கெட்டால் இது பெருகி, காதில் கருப்பான அழுக்கும், உடம்பில் எண்ணெய்ப் பிசுக்கும், பழைய மாவு புளித்தாற்போன்ற நாற்றமும் உண்டாக்குகிறது. இதற்கு மருந்து கலந்த ஷாம்பூக் குளியலே பெரும்பாலும் போதும். உடல் முழுதும் பரவினால்தான் மாத்திரை.

மாத்திரையே உயிர் காப்பதாக அமையும் பூஞ்சை நோய்களும் உண்டு. அமெரிக்காவில் அரிசோனா, கலிபோர்னியா மாநிலங்களின் வறண்ட மண்ணில் காக்ஸிடியாய்டிஸ் என்ற பூஞ்சை வாழ்கிறது. புழுதியை முகரும் நாயின் நுரையீரலுக்குள் அது புகுந்து, சில சமயம் எலும்புக்கும் செல்கிறது. நாய் இருமுகிறது, இளைக்கிறது, நொண்டுகிறது. "பள்ளத்தாக்குக் காய்ச்சல்" என்று அங்கே அதற்குப் பெயர். அந்நாய்களுக்கு ஃபுளூகோனசோல் போன்ற மாத்திரையை ஆறு மாதம் முதல் ஓராண்டு வரையும், சிலவற்றுக்கு அதற்கு மேலும் கொடுக்கிறார்கள். நுரையீரலில் உள்ள பூஞ்சைக்குக் களிம்பு எங்கே தடவுவது!

நம் ஊர்ப் படர்தாமரைக்கு வருவோம். களிம்பு போதாதா? மனிதருக்குக் கையில் ஒரு வட்டம் வந்தால் களிம்பு தடவி ஆற்றிவிடலாம். நாயின் நிலை வேறு. அதன் உடம்பு முழுதும் அடர்ந்த மயிர். பூஞ்சை அம்மயிரின் உள்ளேயும், அது முளைக்கும் குழியிலும் குடியிருக்கிறது. மேலே தடவுவது குழியின் அடிவரை இறங்குவதில்லை. நமக்குத் தெரிவது ஒரு வட்டம். மயிருக்குள் மறைந்திருக்கும் வட்டங்கள் எத்தனையோ! மேலும் நாய்க்குத் தன் உடம்பை நக்கும் வழக்கம் உண்டு. நாம் தடவிய களிம்பு சிறிது நேரத்தில் அதன் வயிற்றுக்குத்தான் போய்ச் சேர்கிறது.

மாத்திரையோ குடலில் கரைந்து, இரத்தத்தில் கலந்து, மயிர்க்கால் வரை செல்கிறது. மயிர் அங்கே புதிதாக உருவாகும்போதே மருந்தும் அதனுள் சேர்ந்துவிடுகிறது. மருதாணி இட்ட நகத்தை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். பெருநாளுக்கு இட்ட சிவப்பு, நாளாக ஆக நுனிக்கு நகர்ந்துகொண்டே போகும். அடியில் புதிய நகம் வெள்ளையாக முளைத்துவரும். நாயின் மயிரிலும் அப்படித்தான். பூஞ்சை பிடித்த பழைய பகுதி மேலே தள்ளப்படுகிறது. அடியிலிருந்து மருந்து ஊறிய புதிய பகுதி வருகிறது. அதைப் பூஞ்சையால் தின்ன முடியாது. பழைய பகுதி உதிர்ந்து போனபின்தான் நோயும் போகும். மயிர் ஒரே நாளில் வளருமா? ஆகவேதான் இம்மருந்துகளுக்கு வாரக்கணக்கு. ஆறு வாரம் முதல் பத்து வாரம் வரை ஆவது வழக்கம். காய்ச்சல் மாத்திரையைப் போல மூன்று நாளில் குணத்தை எதிர்பார்ப்பது இந்நோயின் இயல்பை அறியாததாகும்.

இனி, பூஞ்சையைக் கொல்லும் மருந்துகள் ஏன் அரிது, ஏன் அவற்றைக் கவனமாகக் கையாள வேண்டும் என்பதைப் பார்ப்போம். பாக்டீரியாவின் உடற்கட்டு நம் உடற்கட்டிலிருந்து மிக வேறுபட்டது. அதனால் நம்மைத் தொடாமல் அதை மட்டும் தாக்கும் மருந்துகள் பல கிடைத்தன. பூஞ்சை அப்படியன்று. அதன் செல்லில் நம் செல்லைப் போலவே உட்கரு உண்டு. உயிர்களின் வம்சாவளியில் பூஞ்சைகள் செடிகொடிகளைவிட விலங்குகளுக்கே நெருங்கிய உறவு என்று விஞ்ஞானிகள் சொல்கிறார்கள். உறவினரைப் போலவே உருவம் கொண்ட திருடனை, கூட்டத்தில் அடையாளம் கண்டு அடிப்பது எவ்வளவு கடினமோ அவ்வளவு கடினம் இது. ஆனால் ஓர் அடையாளம் அகப்பட்டது. நம் செல்லின் உறையில் இருப்பது கொலஸ்டிரால்; பூஞ்சையின் உறையில் இருப்பதோ எர்கோஸ்டிரால். இன்றைய மாத்திரைகளில் பெரும்பாலானவை இந்த எர்கோஸ்டிரால் உண்டாகாமல் தடுப்பவையே. உறை சரியாக அமையாவிட்டால் பூஞ்சை வளர முடியாது.

ஆயினும் படர்தாமரைப் பூஞ்சைக்கு எதிரான முதல் வாய்வழி மாத்திரை வேறொரு வழியில் வந்தது. அதன் பெயர் கிரிசியோஃபல்வின். 1939ஆம் ஆண்டில் இலண்டனில் ஆக்ஸ்ஃபோர்டு, ரெய்ஸ்டிரிக், சைமனார்ட் என்ற மூவர், பென்சிலின் குலத்தைச் சேர்ந்த ஒரு பூஞ்சையிலிருந்து இதைப் பிரித்தெடுத்தார்கள். அப்போது இதனால் என்ன பயன் என்று எவரும் அறியவில்லை. 1946இல் இங்கிலாந்தின் வேரம் என்னும் இடத்துத் தரிசு மண்ணை ஆராய்ந்தவர்கள், அதிலுள்ள ஒரு பூஞ்சையின் சாறு மற்றப் பூஞ்சைகளின் இழைகளைச் சுருண்டுபோகச் செய்வதைக் கண்டார்கள். "சுருட்டும் பொருள்" என்றே அதற்குப் பெயரிட்டார்கள். பின்னர்தான் அதுவும் கிரிசியோஃபல்வினும் ஒன்றே என்று தெரிந்தது. 1958இல் கிளாஸ்கோ நகரில் ஜென்டில்ஸ் என்பவர் இதைக் கினிப்பன்றிகளுக்கு வாய்வழியே கொடுத்துப் படர்தாமரையைக் குணப்படுத்திக் காட்டினார். மனிதருக்கும் கால்நடைகளுக்கும் அடுத்தடுத்து வழங்கத் தொடங்கினர். கண்டுபிடித்ததற்கும் பயன்பட்டதற்கும் இடையே 19 ஆண்டுகள்!

அந்த மாத்திரை வருவதற்கு முன், தலையில் படர்தாமரை வந்த குழந்தைகளுக்கு எக்ஸ்ரே கதிரைச் செலுத்தி, தலைமயிர் முழுவதையும் உதிரச் செய்வார்கள். அக்குழந்தைகளில் சிலருக்குப் பிற்காலத்தில் அக்கதிரினாலேயே புற்றுநோய் வந்தது. இதைப் படித்தபோது எங்களுக்கு மனம் கனத்தது. ஒரு மாத்திரை எத்தனை பிள்ளைகளை அந்த மேசையிலிருந்து இறக்கியிருக்கிறது!

பெண் பிள்ளைகளாகிய நமக்கு மிகவும் பிடிக்கும் செய்தி இனிமேல்தான் இருக்கிறது. மனிதருக்குப் பாதுகாப்பாகக் கொடுக்கத்தக்க முதல் பூஞ்சைக்கொல்லி ஆன்டிபயாட்டிக்கைக் கண்டுபிடித்தவர்கள் இரு பெண்மணிகள். எலிசபெத் ஹேசன் அம்மையார் நியூயார்க் நகரிலும், ரேச்சல் பிரவுன் அம்மையார் அதே மாநிலத்து ஆல்பனி நகரிலும் வேலை செய்தார்கள். ஹேசன் பல இடங்களின் மண்ணிலிருந்து நுண்ணுயிர்களை வளர்த்து, கண்ணாடி ஜாடிகளில் அடைத்துத் தபாலில் அனுப்புவார். பிரவுன் அவற்றிலுள்ள பொருளைப் பிரித்துத் திருப்பி அனுப்புவார். இப்படியே தபால் போய்வந்து, வர்ஜீனியா மாநிலத்தில் ஒரு நண்பரின் பால்பண்ணையில் எடுத்த மண்ணிலிருந்து அம்மருந்து கிடைத்தது. 1950இல் அதை அறிவித்தார்கள். நியூயார்க் மாநிலத்தின் பெயரைக் கொண்டே நிஸ்டாடின் என்று அதற்குப் பெயர் சூட்டினார்கள். அதனால் வந்த உரிமைத் தொகை 130 இலட்சம் டாலருக்கும் மேல். அத்தனையையும் தங்களுக்கு ஒரு காசும் வைத்துக்கொள்ளாமல் அறிவியல் ஆராய்ச்சிக்கே கொடுத்துவிட்டார்கள். 1966இல் இத்தாலியின் ஃபிளாரன்ஸ் நகரில் வெள்ளம் புகுந்து பழைய ஓவியங்களில் பூஞ்சை பிடித்தபோது, அவற்றைக் காக்கவும் நிஸ்டாடின் பயன்பட்டது. ஒன்றை மட்டும் இங்கே சொல்ல வேண்டும். நிஸ்டாடினை விழுங்கினால் குடலைவிட்டு அது இரத்தத்திற்குள் போவதில்லை. ஆகவே மயிர்க்காலில் இருக்கும் படர்தாமரைக்கு நிஸ்டாடின் மாத்திரை உதவாது. நல்ல மருந்துதான், ஆனால் நமது நாய்க்கு வேண்டியது அதுவன்று.

1981இல் அமெரிக்காவில் கீடோகோனசோல் மாத்திரைக்கு அனுமதி கிடைத்தது. பலவகைப் பூஞ்சைகளுக்கும் ஒரே மாத்திரை என்று மருத்துவர்கள் மகிழ்ந்தார்கள். ஆனால் அது கல்லீரலைக் கெடுக்கக் கூடும் என்பது போகப் போகத் தெரிந்தது. 2013இல் ஐரோப்பாவின் மருந்துக் கண்காணிப்பு அமைப்பு, மனிதருக்கு இம்மாத்திரையைப் பூஞ்சை நோய்க்குத் தருவதை நிறுத்தும்படி பரிந்துரைத்தது; அமெரிக்காவும் அதே ஆண்டில் கடுமையாகக் கட்டுப்படுத்தியது. அதன் பின்வந்த இட்ரகோனசோலும் டெர்பினாஃபினுமே இன்று நாயின் படர்தாமரைக்குப் பெரிதும் நம்பப்படுபவை. இட்ரகோனசோலுக்கு ஒரு சிறப்பு உண்டு. மருந்தை நிறுத்திய பின்னும் சில வாரங்கள் அது மயிரிலும் தோலிலும் தங்கிக் காவல் காக்கிறது.

வீட்டு மருந்துப் பெட்டியில் மனிதருக்கு வாங்கிய மாத்திரை மிச்சம் இருந்தால், அதில் பாதியை ஒடித்து நாய்க்குப் போடலாமே என்று சிலர் நினைப்பதுண்டு. இது எவ்வளவு தவறான கணக்கு என்பதற்கு டெர்பினாஃபின் ஒன்றே சான்று. வளர்ந்த மனிதர் ஒருவருக்கு ஒரு நாளைக்கு வழக்கமாகத் தருவது 250 மில்லிகிராம். நாய்க்கோ, எடையில் ஒவ்வொரு கிலோவுக்கும் 30 முதல் 40 மில்லிகிராம் வேண்டும். பத்துக் கிலோ எடையுள்ள நாய்க்கு 300 முதல் 400 மில்லிகிராம்! நம் அப்பாவுக்குக் கொடுப்பதைவிட அந்தச் சிறிய நாய்க்கு அதிகம். பாதி மாத்திரை போட்டால் பூஞ்சைக்கு வலிக்கவே வலிக்காது. இட்ரகோனசோலில் இக்கணக்கு முற்றிலும் மாறும். கிலோவுக்கு 5 மில்லிகிராம் அளவே. இந்த எண்களை நாங்கள் இங்கே எழுதுவது எவரும் தாமே மருந்து கொடுப்பதற்காக அன்று. எடை பார்த்து, இரத்தம் பார்த்து, அளவு சொல்ல வேண்டியவர் கால்நடை மருத்துவரே.

இரத்தம் பார்ப்பது எதற்கு? இம்மருந்துகளில் பல, கல்லீரலின் வழியாகவே கழிகின்றன. முன்னமே கல்லீரல் கெட்டிருக்கும் நாய்க்கு இவை தீங்கு செய்யும். மருந்து தொடங்கிய பின் நாய் சாப்பாட்டை வெறுத்தாலும், வாந்தி எடுத்தாலும், கண்ணும் ஈறும் மஞ்சளித்தாலும் உடனே மருத்துவரிடம் போக வேண்டும். சினையாக இருக்கும் நாய்க்குக் கிரிசியோஃபல்வின் கொடுக்கவே கூடாது. குட்டிகள் குறையோடு பிறக்கும். உண்ணிக்கும் சொறிக்கும் வழக்கமாகத் தரும் ஐவர்மெக்டின் மருந்தோடு கீடோகோனசோலும் சேர்ந்தால், ஐவர்மெக்டின் உடம்பில் அளவுக்கு மீறித் தங்கிவிடும். ஆகவே வேறு எந்த மருந்து கொடுத்து வந்தாலும் மறைக்காமல் மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும்.

இட்ரகோனசோல் குளிகையும் கிரிசியோஃபல்வினும் வெறும் வயிற்றில் சரியாக உடம்பில் சேர்வதில்லை. கிரிசியோஃபல்வினுக்குக் கொழுப்புள்ள உணவு வேண்டும். மீன் துண்டிலோ முட்டையிலோ ஒளித்து வைத்துக் கொடுத்தால் நாய் சந்தேகிக்காமல் விழுங்கிவிடும் என்று நாய் வளர்க்கும் தோழியர் கூறுகிறார்கள். (சோற்றை மட்டும் தின்றுவிட்டு மாத்திரையைச் சுத்தமாகத் துடைத்துத் தட்டில் வைத்துவிடும் கெட்டிக்கார நாய்களும் உண்டாம்!) ஆனால் சாக்லெட்டில் ஒளித்துக் கொடுக்கக் கூடாது, நாய்க்குச் சாக்லெட் நஞ்சு. வெங்காயம் போட்ட குழம்பும் ஆகாது.

எங்கள் வகுப்புத் தோழி ஒருத்தியின் வீட்டில் ராணி என்ற நாட்டு நாய் உண்டு. குட்டியாக இருந்தபோது அதன் காதோரத்தில் மயிர் உதிர்ந்தது. சில நாட்களில் அவள் தம்பியின் முழங்கையில் சிவந்த வளையம் தோன்றியது. மருந்துக்கடையில் கேட்டபோது ஒரு களிம்பைக் கொடுத்தார்கள். தடவியதும் அரிப்பு அடங்கியது, வளையமோ பெரிதாயிற்று. நாயைக் கொண்டுபோய் விட்டுவிட வேண்டும் என்று வீட்டில் பேச்சு எழுந்தது. அவளுடைய அப்பா மட்டும், "ஒரு தரம் மாட்டாஸ்பத்திரிக்குக் காட்டிவிட்டு வருவோம்" என்றார். மருத்துவர் இருட்டறையில் ஊதா விளக்கைக் காட்ட, நாயின் காது மயிர் பச்சையாக மின்னியதாம். மாத்திரையும் குளியல் மருந்தும் எழுதிக் கொடுத்தார். பையனைத் தோல் மருத்துவரிடம் அனுப்பினார். நான்காம் வாரத்தில் ராணிக்கு மயிர் முளைத்துவிட்டது. உடனே பாட்டி, "அதான் முடி முளைச்சிட்டுதேடி, இன்னும் எதுக்குக் காசைக் கரியாக்குறீங்க?" என்றாராம். நியாயமான கேள்விதான், மாத்திரையின் விலை குறைவன்று. ஆனால் அதே வாரத்தில் எடுத்த சோதனையில் பூஞ்சை இன்னும் உயிரோடு இருந்தது. கண்ணுக்கு ஆறினது போலத் தோன்றுவது ஒன்று, பூஞ்சை ஒழிவது மற்றொன்று. முன்னது எப்போதும் முந்தி வந்துவிடுகிறது. அவர்கள் ஒன்பது வாரம் கொடுத்து முடித்தார்கள். ராணி இப்போது வாசற்படியில்தான் படுக்கிறது.

அந்த ஊதா விளக்கைப் பற்றி ஒரு வார்த்தை. அமெரிக்க இயற்பியலறிஞர் இராபர்ட் வுட் 1903இல் அமைத்த கண்ணாடி வடிகட்டியால் ஆனது அது. அவர் பெயராலேயே வுட் விளக்கு எனப்படுகிறது. மைக்ரோஸ்போரம் கானிஸ் பிடித்த மயிர் அவ்வொளியில் பச்சை ஆப்பிள் நிறத்தில் ஒளிரும். மண்ணிலிருந்து வரும் வகையும் எலியிடமிருந்து வரும் வகையும் ஒளிர்வதில்லை. ஆகவே ஒளிராவிட்டால் நோய் இல்லை என்று சொல்லிவிட முடியாது; மயிரை நுண்ணோக்கியில் பார்த்தும், தட்டில் வளர்த்துப் பார்த்துமே முடிவு செய்வார்கள்.

மாத்திரை உள்ளே வேலை செய்யும்போது, வெளியே நம் வேலையும் இருக்கிறது. உதிர்ந்த மயிரில் ஒட்டியிருக்கும் பூஞ்சை வித்துகள், ஈரமில்லாத இடத்தில் 18 மாதங்கள் வரைகூட உயிரோடு இருக்கக் கூடியவை. நாய் படுத்த சாக்கு, விரிப்பு, சீப்பு, கழுத்துப் பட்டை எல்லாவற்றையும் துவைக்க வேண்டும் அல்லது எறிந்துவிட வேண்டும். தரையில் கிடக்கும் மயிரைத் தினமும் பெருக்கி அகற்றிச் சோப்பு நீரால் கழுவி, பிறகு நீர்த்த பிளீச்சிங் திரவத்தால் துடைக்க வேண்டும். வாரம் இருமுறை மருந்துக் குளியலும் உண்டு. சுண்ணாம்பும் கந்தகமும் சேர்ந்த நீரை இதற்குப் பயன்படுத்துகிறார்கள். நாற்றம் அழுகிய முட்டையைப் போல இருக்குமாம். ஆனால் நல்ல பலன். நம் பாட்டிமார் சொறிக்குக் கந்தகம் தடவியதில் பொருள் இருந்திருக்கிறது! சீமையகத்தி இலையும் அப்படியே. அதில் பூஞ்சையை அடக்கும் பொருள் உண்டு. ஆனால் அது பேதியாகச் செய்வதும் ஆகையால், நக்கும் நாய்க்கு உகந்ததன்று. மோட்டார் வண்டியின் கழிவு எண்ணெயையும் மண்ணெண்ணெயையும் நாயின் மேல் ஊற்றுவதை மட்டும் நாங்கள் வன்மையாகக் கண்டிக்கிறோம். அது தோலை வேகச் செய்கிறது. நக்கினால் வயிற்றையும் நுரையீரலையும் கெடுக்கிறது. நோயோ அப்படியே இருக்கிறது.

மருந்தைப் பாதியில் நிறுத்துவதும், ஸ்டீராய்டு கலந்த களிம்பைக் கேட்டு வாங்கித் தடவுவதும் நாய்க்கு மட்டும் கெடுதி என்று எண்ண வேண்டாம். இந்தியாவில் மனிதரிடையே டெர்பினாஃபினுக்கு அடங்காத ஒரு படர்தாமரை பரவியிருக்கிறது. அப்பூஞ்சைக்கு 2020இல் டிரைக்கோஃபைட்டன் இண்டோடினியே என்று பெயர் வைத்தார்கள். நம் நாட்டின் பெயரை அதற்குள் பார்க்க நமக்குப் பெருமையாகவா இருக்கிறது? அதன் ஒரே ஒரு மரபணுவில் ஏற்பட்ட சிறு மாற்றத்தால் மருந்து அதன்மேல் செல்லுபடியாவதில்லை. கண்டபடி விற்கப்படும் ஸ்டீராய்டுக் கலவைக் களிம்புகள் இது பரவ உதவின என்று தோல் மருத்துவர்கள் கருதுகிறார்கள். ராணியின் வீட்டில் முதலில் வாங்கிய களிம்பும் அவ்வகைதான் என்று தோல் மருத்துவர் பின்னர் சொன்னாராம். மிருகத்துக்குக் கொடுப்பதும் மனிதருக்குக் கொடுப்பதும் ஒரே மருந்துகள்தாம். அவை கெட்டுப்போனால் இருவருக்கும் வேறு மருந்து அதிகமில்லை.

அப்படியானால் மாத்திரையை எப்போதுதான் நிறுத்துவது? இதற்கு மருத்துவர்கள் பயன்படுத்தும் கருவி நம் வீட்டிலேயே இருக்கிறது: பல் துலக்கும் பிரஷ்! உறை பிரிக்காத புதிய பிரஷ் ஒன்றை எடுத்து, நாயின் உடம்பு முழுதும் இரண்டு மூன்று நிமிடம் நன்றாக வாருகிறார்கள். பிறகு பிரஷின் மயிரை, பூஞ்சைக்கு உணவிட்ட ஒரு தட்டில் மெல்லக் குத்தி எடுத்துவிட்டு, தட்டை மூடி வைக்கிறார்கள். மஞ்சளாக இருக்கும் அந்த உணவு சிவந்து, அதே சமயத்தில் வெண்பஞ்சு போல ஏதேனும் முளைத்தால், அதை நுண்ணோக்கியில் பார்த்து இன்ன பூஞ்சை என்று உறுதி செய்கிறார்கள். இரண்டு வாரம் வரை தினமும் பார்க்க வேண்டும். படர்தாமரைப் பூஞ்சை முளைத்திருந்தால் மாத்திரை தொடரும். ஒன்றும் முளைக்காவிட்டால் மறுபடி ஒருமுறை வாரி, மறுபடி ஒரு தட்டு வைப்பார்கள். அதிலும் ஒன்றும் முளைக்காத நாளில் மாத்திரையை நிறுத்தலாம்.